சொல் விளக்கம்: பாசிஃபிஸ்ட்

போன ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளுக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருபது பேர் ஒரு பேனரோடு நின்றோம். ‘அமைதிப் பேரணி’ என்று எழுதியிருந்தது. பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டு, “அப்போ கோஷம் கிடையாதுல்ல சார், அமைதியாத்தானே போவீங்க?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தமிழில் அமைதி என்றால் முதலில் சத்தம் போடாமல் இருப்பதுதான். நூலகச் சுவரிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அப்படித்தானே எழுதி வைத்திருக்கிறோம்?

போரே கூடாது என்பவரைக் குறிக்கும் ‘பாசிஃபிஸ்ட்’ என்ற சொல்லுக்கு ‘அமைதிவாதி’ என்று எழுதும்போதும் இதே சிக்கல்தான். கேட்டவுடன் சாதுவாக ஓரமாய் உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வருகிறார். ஆனால் அந்தச் சொல் பிறந்த கதை வேறு.

‘பாசிஃபிஸ்ம்’ என்ற பெயரை முன்வைத்தவர் எமில் அர்னோ என்ற பிரெஞ்சுக்காரர். 1901இல் கிளாஸ்கோவில் நடந்த உலகச் சமாதான மாநாட்டில் அது ஏற்கப்பட்டது. லத்தீனில் ‘பாக்ஸ்’ என்றால் சமாதானம், ‘ஃபாசெரெ’ என்றால் செய்வது. ஆக, பாசிஃபிஸ்ட் என்ற சொல்லின் வேரிலேயே ஒரு வினை இருக்கிறது. சும்மா இருப்பவருக்கு வைத்த பெயர் அல்ல அது.

அந்த ‘பாக்ஸ்’ ஒப்பந்தத்தோடு உறவுள்ள சொல். ஒப்பந்தம் அரசர்கள் போடுவது. அதன் லட்சணத்தைக் கடலூர் நேரிலேயே பார்த்திருக்கிறது. 1783 ஜனவரியில் வெர்சாயில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டார்கள். சேதி கப்பலேறி இங்கே வர ஜூன் கடைசி ஆயிற்று. அதற்குள் அதே ஜூனில் கடலூர்க் கோட்டையைச் சுற்றியும் கடலிலும் சண்டை போட்டுச் செத்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்களே இந்த வேரைக் கெடுத்தும் வைத்தார்கள். அல்ஜீரியாவில் ராணுவம் செய்த அடக்குமுறைக்கு அவர்கள் சொன்ன பெயர் ‘பசிஃபிகாசியோன்’, அதாவது அமைதிப்படுத்துதல். நமக்கும் இது புதிதல்ல. 1987இல் இலங்கைக்குப் போன படைக்கு ‘அமைதி காக்கும் படை’ என்று பெயர். ‘அமைதி’ என்ற சொல்லின் மேல் எனக்குள்ள சந்தேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைச் ‘சொல்தா’ என்பார்கள். ‘சொல்தா வீடு’, ‘சொல்தா பென்ஷன்’ என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும். அந்தச் சொல்லின் வேர் ஒரு ரோமானிய நாணயத்தின் பெயர். சம்பளத்துக்குச் சண்டை போடுபவர் என்று பொருள். முதல் உலகப்போரில் இறந்த பிரெஞ்சிந்தியர்களுக்குக் கடற்கரைச் சாலையில் 1938இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜூலை 14 அன்று விளக்குகள் போடுவார்கள். சொல்தாவுக்குச் சின்னம் உண்டு. போக மறுத்தவருக்கு ஊர்வழக்கில் பெயர்கூட இல்லை.

மறுத்தவர்கள் இல்லாமல் இல்லை. முதல் உலகப்போரில் பிரிட்டனில் மட்டும் சுமார் 16,000 பேர் மனச்சான்றின் பேரில் ஆயுதம் தூக்க மறுத்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். பிரான்சில் லூயி லெக்குவான் என்ற எழுபது கடந்த முதியவர், அப்படி மறுத்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு 1962 ஜூனில் 22 நாள் பட்டினி கிடந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்தது. அவர் பட்டினி கிடந்த அதே ஆண்டு ஆகஸ்டில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: சந்து செய்தல். போருக்கு நிற்பவனிடம் நடுவில் போய்ப் பேசுவது. அதற்கென்றே, போரையும் அரசர்களையும் பாடும் புறத்திணையில் ‘துணைவஞ்சி’ என்று ஒரு துறையும் (பாடல் வகையும்) இருக்கிறது. மலையமான் என்ற சிற்றரசனின் பிள்ளைகளை யானைக்காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் முனைந்தபோது புலவர் கோவூர்கிழார் பாடியது (புறநானூறு 46) அந்தத் துறைதான். அந்தப் பாட்டில் குழந்தைகள் அழுதுகொண்டிருக்கிறார்கள். யானையைக் கண்டதும் வேடிக்கையில் அழுகையை மறந்துவிடுகிறார்கள். பிறகு கூடியிருந்த மன்றத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். புலவர் எடுத்துக் காட்டியது அந்த முகங்களைத்தான். பிள்ளைகள் பிழைத்தார்கள். மலையமான் நாடு திருக்கோவலூர்ப் பக்கம். அந்த ஊரைத் தொட்டு வரும் தென்பெண்ணைதான் எங்கள் கடலூரில் கடலில் சேர்கிறது.

அழகான சொல்தான். ஆனால் இன்றைக்குச் ‘சந்து’ என்றால் இரண்டு தெருவுக்கு நடுவே ஸ்கூட்டர் போகும் வழி. ‘சமாதானவாதி’ என்றாலோ, ‘சமாதானம் சொல்லாதே’ என்று வீட்டில் திட்டுவது காதில் விழுகிறது. என் கணக்கில் ‘போர்மறுப்பாளர்’ பொருத்தம். மறுப்பது ஒரு செயல். அதற்கு வாய் வேண்டும்.

இந்த ஆண்டுக்கு ‘போர்மறுப்புப் பேரணி’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பேனர் எழுதுபவர் நடுவிலிருக்கும் ‘ப்’பை விட்டுவிட்டார். சொன்னதும், “இடமில்ல சார்” என்று முனகிக்கொண்டே சின்னதாக ஒன்றை உள்ளே செருகிக் கொடுத்தார்.