சி.எஸ்.ஆர். பணம் பிள்ளைகளின் தட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமானால்

பிப்ரவரி பிறந்துவிட்டால் ஊட்டச்சத்து ஆலோசகர்களுக்கு அழைப்புகள் கூடிவிடும். "மேடம், ஒரு ஸ்கூல்ல ஹீமோகுளோபின் முகாம் நடத்தணும். மார்ச் 20க்குள்ள முடிக்கணும். பிள்ளைங்களுக்குச் சத்துமாவுப் பாக்கெட்டும் டி-ஷர்ட்டும் குடுக்கிறோம். நீங்க வந்து அரை மணி நேரம் பேசினா போதும்." அழைப்பது ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்புப் பிரிவாக இருக்கும், இல்லையென்றால் அவர்கள் சார்பில் ஒரு தொண்டு நிறுவனம். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரம் குரலிலேயே தெரியும். அதே மார்ச்சில்தான் பொதுத்தேர்வும். விரலில் ஊசி குத்தி, "உனக்கு 9 தான் இருக்கு, நல்லா சாப்பிடும்மா" என்று சொல்லி அனுப்பிய பெண்ணை ஏப்ரலில் யார் பார்ப்பது? அவள் பிளஸ் டூ என்றால் ஜூனில் அந்தப் பள்ளியிலேயே இருக்க மாட்டாள்.

பத்துப் பள்ளிகளில் ஒவ்வொரு நாள் நிகழ்ச்சி நடத்துவதை விட்டுவிட்டு, ஒரே பள்ளியில் மூன்று வருடம் தொடர்ந்து செய்யுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. பணம் கொடுப்பவர்களில் பலருக்கும், கேட்கும் தலைமையாசிரியர்களுக்கும் அது தெரிவதில்லை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு (கடன் போக மிஞ்சும் சொத்து) 500 கோடி ரூபாய், விற்றுமுதல் (மொத்த விற்பனை) 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 5 கோடி லாபம் என்றால் பெரிய பெயர்கள் மட்டும் இல்லை. உங்கள் ஊர் நூற்பாலையும் இதில் வரலாம். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. பசி, வறுமை, ஊட்டச்சத்துக் குறைபாடு ஆகியவற்றை ஒழிப்பது அதில் முதல் இனத்திலேயே இருக்கிறது. கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்குத் தனி இனம் இருக்கிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் இருக்கிறது. அதனால் பக்கத்து ஆலையில் போய்க் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வளரிளம் பருவத்தினருக்கு இது ஏன் அவசரம்? நம் மாநிலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரசு நன்றாகவே செய்கிறது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கானது. காமராஜர் காலத்தில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் காலைத் தட்டு போய்விடுகிறது, பதினொன்றாம் வகுப்பில் மதியத் தட்டும் போய்விடுகிறது. உடம்பு வேகமாக வளரும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயில் ரத்தம் போகும், இரும்புச்சத்துத் தேவை எகிறும் வயது இதுதான். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆண் பிள்ளைகளிலும் 31 சதவீதம். இதை யாரும் பேசுவதே இல்லை.

நான் பள்ளிகளில் உட்கார்ந்து பிள்ளைகளிடம், "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டே?" என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் காலையில் ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட். மதியம் டிபன் பாக்ஸில் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும். நாலரைக்குப் பள்ளி வாசலில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். ராத்திரி வீட்டில் சோறு, ரசம். வயிறு நிறைகிறது, சத்து நிறைவதில்லை. அரசு கொடுக்கும் வாராந்திர நீல நிற மாத்திரையை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளதை, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு குமட்டல் வந்துவிட்டால் அடுத்த வாரம் அது ஜன்னலுக்கு வெளியே போகிறது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். பிள்ளை சாப்பிடாமல் வந்தால் அவர் என்ன செய்வார்?

சரி, என்னதான் செய்யலாம்? நான் அருகிலிருந்து பார்த்து, நன்றாக நடக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு நடுத்தர ஆலை, பக்கத்திலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளி. மாலை நான்கு மணிக்குச் சுண்டல், அப்புறம் ஐந்தரை வரை மைதானம். அவ்வளவுதான். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் வேர்க்கடலை, ஒரு நாள் தட்டைப்பயறு. இறக்கும்போது எலுமிச்சை பிழிவார்கள், நெல்லிக்காய் கிடைக்கும் பருவத்தில் ஆளுக்கு ஒன்று. பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும், கூடவே குடிக்கும் டீ அதைக் கெடுக்கும். அதனால் சுண்டலோடு டீ கொடுப்பதில்லை. நீல மாத்திரையும் இந்தச் சுண்டலுக்குப் பிறகுதான். மாத்திரை வீணாவது அங்கே நன்றாகக் குறைந்துவிட்டது.

செலவைப் பார்ப்போம். ஆளுக்கு 30 கிராம் காய்ந்த கடலை என்றால் சுமார் 6 கிராம் புரதம். 150 பிள்ளைகளுக்கு நாளைக்கு நாலரைக் கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 450 ரூபாய், 200 வேலை நாளுக்கு 90,000. கேஸ், எண்ணெய், சமைப்பவருக்கான ஊதியம் தனி. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு 300 டி-ஷர்ட், ஒன்று 200 ரூபாய் என்றாலே 60,000 ஆகிவிடுகிறது. பந்தல், பேனர், மதிய விருந்து அதற்கு மேல். எது பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது என்று நிறுவனத்தார் ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மைதானத்து விஷயம் இன்னும் சிக்கலானது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். நன்கொடையாக வந்த வாலிபாலும் வலையும் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டியிருக்கும். தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். பொருளைக் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காத உதவி இப்படித்தான் முடியும். நான் சொன்ன பள்ளியில், கபடி ஆடி வளர்ந்து உடற்கல்வி படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த உள்ளூர்ப் பெண் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவர் வந்த பிறகுதான் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பெண் பிள்ளைகள் மைதானத்துக்கே வந்தார்கள். அந்த அக்காவிடம்தான், "பீரியட்ஸ் நேரத்துல ஓடலாமா?" என்று கேட்டார்கள். சரியான உள்ளாடை இல்லாததால்தான் ஓடக் கூச்சப்படுகிறோம் என்று சொன்னார்கள். அடுத்த வருட பட்ஜெட்டில் அதுவும் சேர்ந்தது. கழிவறையில் தண்ணீர் வர வைத்ததும் அந்தப் பட்ஜெட்தான். எந்த முகாமிலும் இந்தப் பேச்சு வந்து நான் பார்த்ததில்லை.

"சம்பளத்துக்கு எங்க பாலிசியில் இடமில்லை, நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது" என்று நிறுவனத்தார் சொல்வார்கள். அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். வேலைகளை நிர்வகிக்கும் பொதுச் செலவுக்கானது. திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் வராது என்று விதியே சொல்கிறது. பயிற்சியாளர் சம்பளமும் சமையல் அக்காவின் ஊதியமும் திட்டச் செலவுதான். அதேபோல மார்ச் 31 பயமும் வேண்டாம். 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று நிதியாண்டுகள் நடத்தலாம். செலவாகாத பணத்தை ஏப்ரல் 30க்குள் அதற்கென்று உள்ள தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், அவ்வளவுதான். மாறாக, மாரத்தான் போன்ற ஒரு நாள் நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். செலவாகாது என்று 2014லேயே கம்பெனி விவகார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

பணம் தருபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2015இல் அமெரிக்காவில் குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க் என்ற ஆராய்ச்சியாளர் அமைப்பு, உடல் பருமனுக்கு உணவைக் காட்டிலும் உடற்பயிற்சிக் குறைவே முக்கியக் காரணம் என்ற தொனியில் பேசியது. அதற்குப் பணம் கொடுத்தது கோக்க கோலா என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எதிர்ப்பு வலுத்து, அந்த வருடம் முடிவதற்குள் அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். நம் ஊரிலும் இனிப்புப் பானமோ நொறுக்குத்தீனியோ விற்கும் நிறுவனம் விளையாட்டுப் போட்டிக்குப் பணம் கொடுக்க முன்வந்தால், மைதானத்தில் அந்தப் பொருள் வருமா, பிள்ளைகள் சட்டையில் அதன் பெயர் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. பொருள் விளம்பரத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பைச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டவும் முடியாது.

இன்னொன்று, எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. எல்லோர் முன்னாலும் பிள்ளைகளை எடை மிஷினில் ஏற்றி எண்ணைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்துங்கள். ஒல்லியான பிள்ளைக்கும் பருமனான பிள்ளைக்கும் அன்றே ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட பெண்களை நான் ஆலோசனை அறையில் பார்க்கிறேன். ஒரு திரை போதும், எண்ணை அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் சொன்னால் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுவனங்கள் ஓர் ஆண்டுக்கான திட்டத்தைப் பெரும்பாலும் அந்த நிதியாண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்கின்றன. அதனால் டிசம்பர், ஜனவரியிலேயே கடிதத்தோடு போய்விடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தமிழக அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகவும் கேட்கலாம். தொண்டு நிறுவனம் மூலம் என்றால் அது சி.எஸ்.ஆர். பணிகளை நடத்துவதற்காகக் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் பொருள் பட்டியலுக்கு முன்னால் ஆட்களின் சம்பளத்தை எழுதுங்கள். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருக்கும் பிள்ளையை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, யார் கூட்டிப் போவார் என்று பெயரோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைகளுக்கு மறுபடி சோதனை செய்ய ஆகும் செலவையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் அது கிடைக்காது.