காலையில் ஆற்றைத் தாண்டிய பந்து பிற்பகலில் மூழ்கியது ஏன்?

மலைகளுக்கு நடுவே ஆற்றை ஒட்டி அமைந்த கோல்ஃப் மைதானம் ஒன்றில் விளையாடித் திரும்பிய வாசகர் ஒருவர் மூன்று கேள்விகளை எழுதியனுப்பியிருக்கிறார். ஒரே இடத்திலிருந்து, ஒரே மட்டையால், ஏறத்தாழ ஒரே விசையுடன் அடித்தும், காலை எட்டு மணிக்கு ஆற்றைத் தாண்டிய பந்து பிற்பகல் மூன்று மணிக்கு ஆற்றுக்குள் விழுந்தது ஏன்? மலைமேல் பந்து கூடுதல் தூரம் போகும் என்பது உண்மையா? கிரீனில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய தரையில், பந்து மேட்டை நோக்கி உருண்டதைத் தம் கண்ணாலேயே கண்டாராம், உடன் ஆடியவர்கள் “ஆறு பந்தை இழுக்கும்” என்றார்களாம், அது எப்படி?

இரண்டாவது கேள்வி எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.225 கிலோகிராம், 1,500 மீட்டர் உயரத்தில் அது 1.06 கிலோகிராம் அளவுக்குக் குறைகிறது. ஏழில் ஒரு பங்கு காற்று குறைந்தால் பந்தைத் தடுக்கும் இழுவையும் குறையும், பந்து கூடுதல் தூரம் செல்லும். ஆனால் தூரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. நன்கு அடிக்கப்பட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கிறது. அந்தச் சுழற்சி காற்றைக் கீழ்நோக்கித் திருப்புவதால் பந்துக்கு மேல்நோக்கிய தூக்குவிசை கிடைக்கிறது. எடின்பரோ இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட் 1890-களிலேயே இதை விளக்கிவிட்டார். மெலிந்த காற்றில் இழுவை குறைவதைப் போலவே தூக்குவிசையும் குறைவதால் பந்து தாழ்வாகப் பறந்து, சாய்வாகத் தரையிறங்கி, நிற்காமல் உருள்கிறது. கிரீனுக்குப் பின்னால் ஆறு ஓடும் மைதானத்தில் இது வரமா சாபமா என்பதை ஆடியவர்கள்தாம் சொல்ல வேண்டும். ஆற்றங்கரைக் காற்று ஈரமானது, ஆகவே கனமானது என்று சிலர் சொல்வதும் தவறு. காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29, நீராவியினுடையதோ 18 என்பதால், அதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஈரக் காற்றே இலேசானது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த முதல் கேள்வி. பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் வீசுவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மலையிலும் அப்படி ஒரு முறைவைத்து வீசும் காற்று உண்டு: தெளிந்த வானமுள்ள நாள்களில், பகலில் சமவெளியிலிருந்து பள்ளத்தாக்கின் தலைப்பகுதியை நோக்கி, அதாவது ஆற்றின் போக்குக்கு எதிராக வீசும் பள்ளத்தாக்குக் காற்று, இரவில் ஆற்றின் போக்கிலேயே இறங்கிவரும் மலைக்காற்று. வெயிலில் சூடான மலைச்சரிவை ஒட்டிக் காற்று மேலேறுகிறது என்பதோடு பெரும்பாலான பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. சரிவில் ஏறும் காற்றுக்கு அந்த விளக்கம் போதும். ஆனால் பல கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பிக்கொண்டு நெடுகிலும் வீசும் காற்றை எது தள்ளுகிறது?

இங்கேதான் வடிவியல் வருகிறது. சமவெளியின் மேல், மலைமுகட்டின் உயரம் வரை ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் குறுக்குவெட்டு ஒரு செவ்வகம். அதே அகலமும் அதே உயரமும் உடைய பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டோ தலைகீழாக நிற்கும் முக்கோணம். செவ்வகத்தின் மீதிப் பாதியைப் பாறையும் மண்ணும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டின் மேல்வாயும் ஒரே அளவு என்பதால் உள்ளே நுழையும் வெயிலும் ஒரே அளவு. சூடாக வேண்டிய காற்றோ பள்ளத்தாக்கில் பாதிதான். கால் பானைத் தண்ணீர் அரைப் பானைத் தண்ணீரைவிடச் சீக்கிரம் கொதிப்பதைப் போல, பள்ளத்தாக்கின் காற்று சமவெளிக் காற்றைவிட விரைவாகச் சூடேறி, விரிந்து, இலேசாகிறது. ஒரே உயரத்தில் ஒப்பிட்டால் பள்ளத்தாக்கினுள் அழுத்தம் குறைவாகவும் வெளியே அதிகமாகவும் இருப்பதால், சமவெளிக் காற்று, பள்ளத்தாக்கு சமவெளியில் திறக்கும் வாய்வழியே உள்ளே பாய்கிறது. இரவில் அதே கணக்கு திருப்பிப் போடப்படுகிறது: பாதிக் காற்று விரைவாகக் குளிர்ந்து, கனத்து, வெளியே வழிகிறது. முகட்டுக்கு மேல் கசியும் வெப்பம் முதலியவற்றையும் சேர்த்தால் கணக்கு சற்றுச் சிக்கலாகும். ஆயினும் மலையின் வடிவமே காற்றுக்கு எந்திரமாகிவிடுகிறது என்ற இந்த எண்ணத்தின் அழகு எனக்கு இன்னும் சலிக்கவில்லை. ஒரு நாளில் இக்காற்று கடக்கும் நிலைகளை வானிலையியலாளர் ஃபிரீட்ரிஹ் டெஃபான்ட் 1949-இல் எட்டுப் படங்களாக வரைந்தார். அப்படங்கள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன.

காற்று மாறுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். சூரியன் உதித்த பிறகும் சில மணி நேரம் இரவின் மலைக்காற்றே நீடிக்கும். இடையில் சிறிது நேரம் காற்று அடங்கும். பிற்பகலில் எதிர்த்திசைக் காற்று உச்சத்தை எட்டும். வாசகர் பந்தை அடித்தது, ஆறு வளைந்து குறுக்கிடும் ஓரிடத்தில், ஆறு ஓடும் திசையை நோக்கி. காலையில் காற்று அவர் முதுகிலும் பிற்பகலில் முகத்திலும் அடித்திருக்கும். பந்தின் வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்றும், இரு வேளையும் காற்றின் வேகம் 5 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பந்தைப் பொறுத்தவரை காற்று காலையில் 45 மீட்டர் வேகத்திலும் பிற்பகலில் 55 மீட்டர் வேகத்திலும் மோதுகிறது. இழுவை வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால் பிற்பகலில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. தூக்குவிசையும் கூடவே வளர்வதால், பந்து முன்னேறாமல் மேலெழும்பிச் செங்குத்தாக விழுகிறது. கொடிக்கம்பத்தின் துணி அசையாமல் இருந்தது என்று வாசகர் வியக்கிறார். கிரீன் மரங்களின் மறைவில் இருக்கிறது. பந்து மரங்களுக்கு மேலே பறக்கிறது. கொடியைப் பார்ப்பதை விட்டு மர உச்சிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

இதே காற்றுதான் காட்டுத்தீயையும் புகையையும் பள்ளத்தாக்கு நெடுகச் சுமந்து செல்கிறது. அப்படியிருந்தும், மலைப் பள்ளத்தாக்குகளில் காற்றளவிகளை வரிசையாக நிறுவிப் பல ஆண்டுகள் பதிவு செய்வது போன்ற பகட்டில்லாத ஆய்வுக்கு நிதி கேட்பது கடினமான வேலை. பெரிய கருவிகளுக்குத் திறக்கும் பணப்பை இதற்கும் சற்றுத் திறந்தால் நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவது, ஆறு இழுக்கும் கதை. ஒரு லட்சம் டன் தண்ணீரை நூறு மீட்டர் தொலைவில் ஒரே இடத்தில் குவித்து வைத்தாலும், அதன் ஈர்ப்பு புவியீர்ப்பில் ஒரு கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இழுப்பதானால் மலைதான் இழுக்க வேண்டும்: 1774-இல் வானியலாளர் நெவில் மாஸ்கலின் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே தூக்குக்குண்டு மிகச் சிறிதளவு மலைப்பக்கம் சாய்வதை அளந்து காட்டினார். பந்தைத் திருப்ப அதுவும் போதாது. ஏமாறுவது கண்தான். அடிவானம் மலைகளால் மறைந்துவிட்டால், சுற்றியுள்ள சரிவையே கண் ‘மட்டம்’ என்று எடுத்துக்கொள்கிறது. அச்சரிவைவிடக் குறைவாகச் சாய்ந்த கிரீன், எதிர்ப்பக்கம் ஏறுவதாகத் தோன்றுகிறது. வண்டிகள் தாமாகவே மேட்டில் ஏறுவதாகப் பெயர்போன ‘காந்த மலை’களின் மர்மமும் இதுவே, பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் மேசைமேல் வைத்த மாதிரிகளைக் கொண்டே இந்தத் தோற்றப்பிழையை உண்டாக்கிக் காட்டினர். பள்ளத்தாக்கின் தரை பொதுவாக ஆற்றை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஆட்டக்காரர்களின் நம்பிக்கை பலமுறை பலிக்கும். வடிவமைப்பாளர் கிரீனை வேறு பக்கம் சாய்த்திருந்தால் பொய்க்கும்.

ஒரு ரசமட்டத்தைக் கிரீனில் வைத்தால் உண்மை ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆட்டத்தின்போது விதிகள் அதை அனுமதிப்பதில்லை என்பதால், வாசகர் கடைசிக் குழியையும் முடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பின் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் காற்றும் ஆற்றின் போக்குக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும்.