கூர்ப்பு இருக்கப் பரிணாம வளர்ச்சி எதற்கு?

போன கிழமை நல்லூரில் ஒரு கூட்டம். தொற்றுநோய்கள் மனித இனத்தை எப்படி மாற்றின என்பது பேச்சு. பேசியவர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் "மலேரியாவால் மனிதன் பரிணாம வளர்ச்சி அடைந்தான்" என்று மூன்றாம் தடவையும் அவர் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் 'பரிணாம வளர்ச்சி' என்று சொன்னது evolution என்ற ஆங்கிலச் சொல்லை. அதன் வேர் இலத்தீன். சுருளை விரித்தல் என்பது பொருள். டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதற் பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல்லே இல்லை. பரிணாமம் வடமொழி: பால் தயிராவது போல ஒன்று இன்னொன்றாகத் திரிதல். அதே ஆங்கிலச் சொல்லுக்கு இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் படித்த சொல் கூர்ப்பு.

பரிணாமம் என்று மட்டும் சொன்னால்கூட இடிக்கிறது. பால் தானே தயிராகிறது. மலேரியாவில் கிடந்த எவரும் வேறு மனிதராக எழுவதில்லை. அதன் வாலில் ஒட்டிய 'வளர்ச்சி' இன்னும் பெரிய பிழை. அரிவாள் கலச் சோகையைப் பாருங்கள். அதற்குரிய பரம்பரையலகு (ஜீன்) தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், கடும் மலேரியாவிலிருந்து பிள்ளை தப்பும் வாய்ப்புக் கூடுகிறது. இருவரிடமிருந்தும் வந்தாலோ செங்குருதிக் கலங்கள் அரிவாள் போல வளைந்து குருதிக் குழாய்களை அடைக்கும். வாழ்நாள் முழுக்க நோ. 1954இல் அந்தனி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவில் இந்தத் தொடர்பைக் காட்டினார். மலேரியா மலிந்த இடங்களில் அந்த அலகு பெருகியது. மலேரியா இல்லாத இடத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை, நோவு மட்டும் மிச்சம். பிள்ளைகளைக் காத்ததும் கொன்றதும் ஒரே அலகு. இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வராது.

சரி, கூர்ப்பு? "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்பது தொல்காப்பியம், உரியியல். ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுவதுதான் கூர்ப்பு. இயற்கைத் தேர்வும் அதையே செய்கிறது. அரிவாள் அலகை மலேரியா படைக்கவில்லை. அது விகாரத்தால், அதாவது பரம்பரையலகில் தற்செயலாக நேரும் மாற்றத்தால், எப்போதோ தோன்றிக் கூட்டத்தில் எங்கோ கிடந்தது. அதை வைத்திருந்த பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்ததால் பெருகியது.

"கூர் என்றால் கத்திக்கூர், அதுவும் முன்னேற்றம்தானே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லை. கலியாண அழைப்பிதழில் "அன்புகூர்ந்து" என்று அச்சடிக்கிறோமே, அங்கே கத்தி ஏது? சிறுபாணாற்றுப்படையில் மிகுந்த துன்பத்தைச் சொல்ல "துனிகூர் எவ்வம்" என்று வருகிறது. அன்பும் கூரும், துன்பமும் கூரும். நல்லது கெட்டது பார்க்காத சொல் அது. நோய் எதைப் பெருக்குகிறது என்று பேச இதைவிடப் பொருந்திய சொல்லை நான் காணவில்லை.

கூட்டம் முடிந்து பேச்சாளரிடம் கேட்டேன். "கூர்ப்பு எண்டால் இந்தியாவில விளங்காது ஐயா" என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பள்ளியில் கூர்ப்பு என்று எழுதிச் சித்தியடைந்தவர்கள். இப்போது மொழிபெயர்ப்பவர்கள் கையில் எங்கள் நுளம்பு கொசுவாகிறது, கலம் செல்லாகிறது, பரம்பரையலகு ஜீனாகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் அமெரிக்கர். அவருக்கு இருந்த பிடிவாதத்தில் பாதியாவது எங்களுக்கு இருக்கக் கூடாதா?

அடுத்த கூட்டம் அம்மைநோய் பற்றியதாம். அறிவித்தலில் மறுபடியும் பரிணாம வளர்ச்சி. திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.