வாத்தலகி: பிளாட்டிபஸுக்குத் தமிழில் ஒரு பெயர்

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும் டாஸ்மேனியாத் தீவிலும் ஆற்றங்கரை வளைகளில் வாழும் பாலூட்டி பிளாட்டிபஸ். தமிழில் வாத்தலகி. இரண்டும் ஒரே விலங்கின் பெயர்கள்தான். ஆனால் ஒன்று காலைப் பார்த்து வைத்தது, மற்றது வாயைப் பார்த்து வைத்தது.

கிரேக்கத்தில் 'பிளாட்டிஸ்' என்றால் தட்டை, 'பௌஸ்' என்றால் பாதம். ஆக, பிளாட்டிபஸ் என்பது தட்டைப்பாதம். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா 1799இல் இந்தப் பெயரை வைத்தார். அவர் கையில் இருந்தது காய்ந்த தோல் மட்டுமே. யாரோ வாத்தின் அலகை வேறொரு விலங்கோடு ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று அவருக்கே முதலில் சந்தேகம்! 'பிளாட்டிபஸ் அனாட்டினஸ்' என்று பெயரிட்டார். அனாட்டினஸ் என்றால் வாத்தைப் போன்றது.

சிக்கல் என்னவென்றால், மரம் துளைக்கும் ஒரு வண்டினத்துக்கு 1793லேயே பிளாட்டிபஸ் என்று பேரினப் பெயர், அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல், சூட்டியிருந்தார்கள். விலங்கியலில் இரு பேரினங்களுக்கு ஒரே பெயர் கூடாது. 1800இல் ஜெர்மானிய அறிஞர் புளூமன்பாக் தாமாக வைத்திருந்த 'ஓர்னித்தோரிங்கஸ்', அதாவது 'பறவை மூக்கு', கைகொடுத்தது. அதனால் இன்றைய அறிவியல் பெயர் ஓர்னித்தோரிங்கஸ் அனாட்டினஸ். பேச்சு வழக்கில் மட்டும் பிளாட்டிபஸ் நிலைத்துவிட்டது.

சரி, வாத்தலகி எப்படி அமைந்தது? வாத்து + அலகு + இ. நான்கு கால் உடையது நாற்காலி, மூன்று கால் உடையது முக்காலி. அதே முறையில், வாத்தின் அலகு போன்ற அலகை உடையது வாத்தலகி. பார்த்தவுடன் கண்ணில் படுவதைச் சொல்லும் பெயர் என்பதால் மாணவர்களுக்கு இதுவே நல்லது என்பேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அலகு என்றதும் கோழி மூக்கு போலக் கெட்டியாக நினைத்துவிடக் கூடாது. வாத்தலகியின் அலகு மெத்தென்ற தோலால் மூடியது, தொட்டால் ரப்பர் போல வளையும். அதில் சுமார் 40,000 மின்னுணர் புள்ளிகள் இருக்கின்றன. நீரில் மூழ்கும்போது கண், காது, மூக்குத் துளை மூன்றையும் மூடிக்கொள்ளும். அப்புறம் தலையை இப்படியும் அப்படியுமாக அசைத்துக்கொண்டே போகும். சேற்றுக்குள் ஒரு இறாலோ புழுவோ தசையை அசைத்தால் எழும் மிக நுண்ணிய மின்சாரத்தை அலகு கண்டுபிடித்துவிடும். பிடித்த இரையைக் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு மேலே வந்து அரைத்துத் தின்னும். வளர்ந்த வாத்தலகிக்குப் பற்கள் கிடையாது.

ஷா சொன்ன தட்டைப்பாதமும் பொய்யில்லை. முன்னங்காலின் சவ்வு நகங்களைத் தாண்டி விசிறியாக விரியும். கரைக்கு வந்ததும் அது உள்ளே மடங்க, நகங்கள் வெளியே தெரியும். மண் தோண்ட அவைதான் உதவும். ஆண் வாத்தலகியின் பின்னங்காலில் நச்சு முள் உண்டு. குத்தினால் மனிதருக்கு உயிர்ச்சேதம் இல்லை, வலி கடுமையாக இருக்கும்.

இது முட்டையிடுவதை 1884இல் விலங்கியலாளர் வில்லியம் கால்டுவெல் உறுதிசெய்தார். பெரும்பாலும் இரண்டு முட்டைகள், சுமார் 10 நாள் அடைகாப்பு. காம்பு இல்லாததால் பால் தோல் வழியே கசியும், குட்டிகள் அதை உறிஞ்சும். இன்று முட்டையிடும் பாலூட்டிகள் வாத்தலகியும், உடலெங்கும் முள் கொண்ட எகிட்னாக்களில் நான்கு வகைகளும்தான்.

கட்டுரை எழுதும்போது முதலில் 'வாத்தலகி எனப்படும் பிளாட்டிபஸ்' என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு வாத்தலகி என்றே தொடரலாம். பன்மை, வாத்தலகிகள்.