கொடுத்த வெப்பம் எங்கே போகிறது?

கொள்ளளவு மாறாத ஒரு கலத்தில் ஒரு மோல் (துகள்களின் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை) ஹீலியத்தை அடைத்து ஒரு டிகிரி சூடேற்ற 12.5 ஜூல் போதும். அதே ஒரு மோல் நைட்ரஜனுக்கோ 20.8 ஜூல் வேண்டும். எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் துகள்கள் ஒரே எண்ணிக்கைதான், அப்புறம் ஏன் நைட்ரஜனுக்கு மட்டும் எட்டு ஜூல் கூடுதல்?

வெப்பநிலை என்பது துகள்கள் அங்குமிங்கும் பாய்வதில் உள்ள சராசரி ஆற்றலைப் பொறுத்தது. ஹீலியம் ஒற்றை அணு, பாய்வதுதான் அதன் ஒரே வேலை, அதற்கு மூன்று திசைகள். நைட்ரஜன் மூலக்கூறு டம்பெல் மாதிரி, பாய்ந்துகொண்டே இரண்டு அச்சுகளில் சுழலவும் செய்யும். ஒன்று இன்னொன்றின் ஓரத்தில் இடித்தால் பாய்ச்சலில் கொஞ்சம் சுழற்சியாகிவிடும், அடுத்த இடியில் சுழற்சி பாய்ச்சலாகத் திரும்பும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி தடவை இப்படி மோதுகிறது. விளைவு, எல்லா அசைவுக்கும் சராசரியில் சம பங்கு (தனித்தனி மூலக்கூறைப் பார்த்தால் ஒரு சமமும் இருக்காது, அது வேறு). மூன்று பங்குக்கு 12.5 என்றால் ஐந்து பங்குக்கு 20.8. கணக்கு சரி.

சிக்கல் இனிமேல்தான். இரண்டு அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு நீண்டு சுருங்கி அதிரவும் முடியுமே? அதற்கும் இரண்டு பங்கு (அணுக்களின் அசைவுக்கு ஒன்று, நீண்டு சுருங்கும் பிணைப்பில் தேங்கும் ஆற்றலுக்கு ஒன்று) கொடுத்தால் 29 ஜூல் வர வேண்டும், ஆனால் வருவதில்லை. கணக்கும் அளவீடும் இப்படி ஒத்துப்போகாததை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1860-இலேயே கவனித்துவிட்டார், விடை சொல்லத்தான் குவாண்டம் இயற்பியல் வரவேண்டியிருந்தது. அதிர்வு ஆற்றலைச் சில்லறையாக வாங்காது, மொத்தமாகத்தான் வாங்கும். நைட்ரஜனுக்கு அந்த மொத்தம், அறை வெப்பநிலையில் புழங்கும் ஆற்றலைப் போல் சுமார் 11 மடங்கு. ஏறத்தாழ 75,000 மூலக்கூறுகளில் ஒன்றுதான் அதிர்வில் இருக்கும், மற்றவற்றில் அந்தக் கதவு சாத்தியே கிடக்கிறது.

சுழற்சிக்கும் இதே கதைதான், அதற்குத் தேவைப்படும் ஆற்றல் மிகச் சிறியது என்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. ஹைட்ரஜன் லேசானது என்பதால் அதில் மட்டும் தெரியும்: 60 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் சுழற்சி நின்றுபோய், அது ஹீலியம் போலவே 12.5 ஜூல் கேட்கும். 1912-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆய்கென் இதை அளந்தே காட்டினார்.

மறுகோடியில் கார்பன் டை ஆக்சைடு. நேர்கோட்டில் மூன்று அணுக்கள், அது வளைந்து அதிர அதிக ஆற்றல் தேவையில்லை, அதனால் அறை வெப்பநிலையிலேயே சுமார் 28.5 ஜூல் கேட்கிறது. பூமியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிரில் 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பகுதியை விழுங்குவதும் இதே வளைவு அதிர்வுதான்.