அம்மாவின் நல்ல படம் ஒன்று வீட்டில் இருக்கிறதா?

ஸ்டூடியோவுக்கு வரும் வேலைகளில் எனக்கு மனது கனத்துப்போவது ஒன்றில்தான். வீட்டில் துக்கம் நடந்த மறுநாள் மகனோ மருமகனோ வந்து நிற்பார். கையில் ஆதார் அட்டை, இல்லையென்றால் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. "இதுல இருந்து அம்மாவ மட்டும் தனியா எடுத்து, பெருசாக்கித் தாங்க" என்பார். பின்னணியை மாற்றி, முகத்தைத் தெளிவாக்கி, ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிடுவேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா இப்படி இருக்க மாட்டாங்களே" என்று சிலர் மெல்லச் சொல்லும்போது என்னிடம் பதில் இருப்பதில்லை.

அவர்கள் சொல்வது சரிதான். கேமரா முன்னால் உட்கார்ந்ததும் நம் ஊர்ப் பெரியவர்கள் விறைத்துவிடுகிறார்கள். "சிரிங்கம்மா" என்றால் உதடு மட்டும் விரியும், கண் சும்மா இருக்கும். துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உதட்டோரத்தை இழுக்கும் தசை சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்றார் அவர்.

ஓர் அறுபதாம் கல்யாணத்தில் மேடையில் நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். எல்லாவற்றிலும் இருவரும் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் இருந்தார்கள். கூட்டம் பந்திக்குப் போனபிறகு அந்த அம்மா கணவரின் தலையில் ஒட்டியிருந்த அட்சதையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அவர் குழந்தை மாதிரி தலையைக் குனிந்து கொடுத்தார். தூரத்தில் இருந்தே 85 எம்எம் லென்ஸில் எடுத்தேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்று மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

இதற்குப் பெரிய கேமரா தேவையில்லை. காலையில் வாசலிலோ ஜன்னல் பக்கத்திலோ அம்மா கீரை ஆயும்போது, பூக் கட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். படம் எடுக்கப்போவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒளிந்து எடுக்க வேண்டாம். அப்புறம் அவருடைய பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். கையில் வேலையும் வாயில் பேச்சும் இருந்தால் கொஞ்ச நேரத்தில் போன் மறந்துபோகும். முதல் பத்துப் படம் வீணானாலும் பரவாயில்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்டு அவர் தோளைத் தளர்த்தும் அந்த நொடியைத் தவறவிடாதீர்கள். நான் எடுத்த நல்ல படங்களில் பாதி அப்போது கிடைத்தவை. எடுத்ததை போனிலேயே விட்டுவிடாமல் பிரிண்ட் போட்டு வையுங்கள்.

முகத்தை வழவழப்பாக்கும் ஃபில்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒருவர் கேட்டார் என்று அவருடைய அம்மாவின் கன்னத்து மருவை அழித்துக் கொடுத்தேன். மறுநாள் அவர் தங்கை அதே படத்தோடு வந்து, "அந்த மருவ திரும்ப வச்சுக் குடுங்கண்ணா" என்றார்.