பூட்டிய ஆய்வக அலமாரியும் தனித்து நிற்கும் அறிவியல் ஆசிரியரும்

சேலம் மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் பல ஆண்டுகளாகக் கருத்தாளராகப் பங்கேற்று வருகிறேன். கையேடும் காணொளியும் இன்று கைபேசியிலேயே கிடைத்துவிடுகின்றன. ஆனால் ஒரு செய்முறை எதிர்பார்த்தபடி வராதபோது, ஏன் வரவில்லை என்று கேட்பதற்குப் பாடம் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் இல்லாததே பெரும்பாலான ஆசிரியர்களின் குறை என்பதை அங்கே திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு பாடம் நடத்துங்கள் என்று எல்லாப் பயிற்சிகளிலும் வலியுறுத்துகிறோம். அதை நம்பி ஓர் ஆசிரியை, செட்டிச்சாவடிப் பக்கம் கிடைத்த வெள்ளைக்கல் துண்டு ஒன்றைச் சோதனைக் குழாயில் இட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினார். கார்பனேட் என்றால் நுரைத்துப் பொங்க வேண்டும். இதிலோ குமிழியே தெரியவில்லை. மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அமிலம் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லிப் பாடத்தை முடித்துக்கொண்டார். உண்மையில் அமிலத்திலும் குறையில்லை, கல்லிலும் குறையில்லை. சேலத்து வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் குளிர்ந்த நீர்த்த அமிலத்திலேயே உடனே பொங்கும்; மேக்னசைட் அப்படிப் பொங்காது. அதே கல்லை நன்றாகப் பொடித்து, குழாயை வெந்நீரில் நிறுத்தி வைத்தால் குமிழிகள் எழுகின்றன. அந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பால்போல் மாறுகிறது. அடுத்த பயிற்சியில் இதை அவரே செய்து பார்த்தபோது, பத்தாம் வகுப்பில் வேதிவினையின் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இரண்டு செய்திகள், புறப்பரப்பும் வெப்பநிலையும், ஒரே குழாயில் கண்ணெதிரே கிடைத்தன. தோற்றுப்போனதாக அவர் நினைத்த செய்முறையைவிட நல்ல பாடம் அந்த வாரத்தில் வேறொன்று இருந்திருக்க முடியாது.

மலைக்கு மேலே இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் குறைந்து, அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கிறது. பாடநூலில் 100 என்றிருப்பதால், வெப்பமானி பழுது என்று அதை ஒதுக்கி வைத்த பள்ளியை எனக்குத் தெரியும். சேலத்துப் பள்ளி ஒன்றும் ஏற்காட்டுப் பள்ளி ஒன்றும் ஒரே நாளில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளவுகளைக் கைபேசியில் பரிமாறிக்கொண்டால், அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். இதற்குத் தேவை இரண்டு வெப்பமானிகளும், ஒருவரை ஒருவர் அறிந்த இரண்டு ஆசிரியர்களும் மட்டுமே.

ஆனால் அந்த அறிமுகம்தான் எளிதில் அமைவதில்லை. விலங்கியல் படித்தவர் ஒளியியலையும், இயற்பியல் படித்தவர் தாவர உள்ளமைப்பியலையும் நடத்த வேண்டிய நிலையில், பல பள்ளிகளில் அறிவியலுக்கு ஒரே ஒரு பட்டதாரி ஆசிரியர்தான் இருக்கிறார். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்கள் இந்த இடைவெளியை நிரப்பப் பொருத்தமானவை. ஆனால் திரையில் ஓடும் படங்களைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டால், ஆசிரியரின் கை ஒரு குடுவையைக்கூடத் தொடாமல் வீடு திரும்புகிறது. வரும் மாதத்தில் நடத்தவிருக்கும் பாடங்களின் செய்முறைகளை முன்கூட்டியே சேர்ந்து செய்து பார்ப்பதற்கு அந்த நாளில் பாதியையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எது வரவில்லை, ஏன் வரவில்லை, எந்த அளவில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு புதிதாகப் பணியில் சேருபவருக்கு அதைவிடப் பயனுள்ள கையேடு இருக்காது.

நாடிச் செல்லத்தக்க இடங்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. உத்தமசோழபுரத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தை ஆண்டு முழுவதும் ஐயம் கேட்கும் இடமாகவே ஆசிரியர்கள் கருத வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக 2022இல் தொடங்கப்பட்ட, செய்முறை வழியே அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் அரசுத் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் வரும் நாளில், வகுப்பை அவர்களிடம் விட்டுவிட்டுப் பதிவேடு எழுதப் போகாமல், உடனிருந்து கற்றுக்கொள்வது நல்லது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழான துளிரும், தூக்கி எறியும் பொருள்களில் அரவிந்த் குப்தா உருவாக்கிய அறிவியல் பொம்மைகளும் செலவில்லாமல் செய்முறை நடத்த உதவுபவை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. படத்தில் மட்டுமே காட்டி வந்த குடுவைத் தாவரத்தை அங்கே நேரில் காட்டலாம்.

இத்தனை இருந்தும் ஆய்வக அலமாரி பூட்டியே கிடப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பயிற்சிகளில் அதைப் பற்றி வாய்திறந்து பேசுவோர் குறைவு. குடுவை உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சம்தான் அது. பயன்படுத்தினால் கண்ணாடி உடையத்தான் செய்யும். உடைந்ததை உடைந்தது என்று அன்றே பதிவுசெய்து, தலைமையாசிரியர் கையொப்பமிட்டு, தணிக்கையின்போது பள்ளியின் சார்பில் அவரே விளக்கம் அளிப்பார் என்ற உறுதி கிடைத்த பள்ளிகளில் அலமாரி தானாகவே திறந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

திறக்கும் முன் சிலவற்றைச் சரிபார்த்தாக வேண்டும். பெயர்ச்சீட்டு அழிந்த புட்டிகளில் இருப்பதை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். தனியே எடுத்து வைத்து, வேதியியல் ஆசிரியர் ஒருவரின் ஆலோசனையைக் கேளுங்கள். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். பழைய பாதரச வெப்பமானி உடைந்தால் மாணவர்களை வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்துவிட்டு, துளிகளைக் கெட்டியான அட்டையால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள புட்டியில் அடைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் பாதரசம் மேலும் சிதறும். புதிதாக வாங்குவதாக இருந்தால் சிவப்புத் திரவ வெப்பமானியைக் கேட்டு வாங்குங்கள். கொதிநிலைச் செய்முறைக்கு அதன் அளவுகோல் 110 டிகிரி வரை இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.